மங்கனீசும் கரையோரக் கிணறுகளும்

மங்கனீசு என்றதும் உருக்காலையே பலருக்கு நினைவில் எழும். அது பொருத்தமே. உலகில் அகழப்படும் மங்கனீசின் மிகப் பெரும் பங்கு உருக்குத் தொழிலுக்கே செல்கிறது. உருகிய இரும்பிலுள்ள ஒட்சிசனையும் கந்தகத்தையும் பற்றிக்கொண்டு, உருக்கு நொறுங்காது காப்பது அதன் பணி. 1882இல் ஹட்பீல்ட் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 12 வீதம் மங்கனீசு சேர்த்து ஆக்கிய உருக்கு, அடிபட அடிபட வன்மை பெறுவது. கல்லுடைக்கும் பொறிகளில் இன்றும் பயன்படுவது. ஆயினும் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் கரையோர ஊர்களில் நாம் இம்மூலகத்தைத் தேடவேண்டிய இடங்கள் வயலும் கிணறுமே.

அணுவெண் 25 உடைய மங்கனீசு பல ஒட்சியேற்ற நிலைகளை எடுக்கவல்லது. +2 நிலையில் அது நீரிற் கரையும், கண்ணுக்குத் தெரியாது. +4 நிலையில் கரையாத கறுப்பு ஈரொட்சைட்டு. டோர்ச் பற்றரியைப் பிளந்தவர் கையிற் படும் கருந்தூளின் பெரும்பகுதி இதுவே. +7 நிலையில் ஊதா நிறப் பேர்மங்கனேற்று, அதாவது நம்மவர் கொண்டிஸ் என வழங்கும் பளிங்கு. நிலை மாறுந்தோறும் நிறமும் கரைதிறனும் மாறுகின்றன.

கரைவாகு வட்டைகளில் நீர் தேங்கி நிற்கையில் மண்ணுள் ஒட்சிசன் அற்றுப்போகிறது. அப்போது மண்வாழ் பற்றீரியாக்கள் மங்கனீசு ஈரொட்சைட்டைக் கரையும் +2 நிலைக்குத் தாழ்த்துகின்றன. நெல்லுக்கு இது வேண்டியதே. ஒளித்தொகுப்பில் நீரைப் பிளந்து ஒட்சிசனை விடுவிக்கும் மையத்தில் நான்கு மங்கனீசு அணுக்கள் உள்ளன. ஆனால் அதே தாழ்த்தல் நிலத்தடியிலும் நிகழக்கூடும். கரையோர மணலில் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. ஆழமற்ற கிணறுகள் அப்படையையே நம்பியுள்ளன. நெருங்கிய வளவுகளில் மலசலகூடக் குழிகளின் கழிவு அந்நீரின் ஒட்சிசனைத் தீர்த்துவிடின், மண்ணின் மங்கனீசு கரைந்து கிணற்றை அடையும்.

அள்ளும்போது தெளிந்திருந்த நீர் வாளியில் நின்றபின் படிவு விடுவது இத்தகைய காரணத்தாலேயே. செம்மஞ்சட் கறை இரும்பினது, கருங்கறை மங்கனீசினது. 2004 ஆழிப்பேரலையின் பின் இக்கரையிற் கிணறுகளுக்குக் குளோரீன் இடப்பட்டது. கிருமியை அழிக்கும் குளோரீனும் கொண்டிசும் கரைந்த மங்கனீசை ஒட்சியேற்றிக் கறுப்பாகப் படியச் செய்பவை. மருந்தினால் நீர் கெட்டது என்று மக்கள் ஐயுறின், முன்பே நீரில் மறைந்திருந்தது வெளிப்பட்டது என்பதை எடுத்துரைத்தல் வேண்டும்.

கறையில்லா நீர் பாதுகாப்பானது எனவும் கொள்ளலாகாது. லீற்றருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே கறையும் சுவைமாற்றமும் தோன்றும் என நூல்கள் கூறிவந்தன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலோ, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளை முன்னிறுத்தி 0.08 மில்லிகிராமைத் தற்காலிக எல்லையாக வைத்தது. மிகையான மங்கனீசு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் என்பதைத் தாது அரைத்த தொழிலாளரிடம் கிளாஸ்கோ மருத்துவர் கூப்பர் 1837இலேயே கண்டிருந்தார். பால்மாவைக் கிணற்றுநீரிற் கரைக்கும் தாய்க்கு இவ்வெல்லை தெரிந்திருக்க வழியில்லை. பரிசோதனைச்சாலையே அதனைச் சொல்ல முடியும்.

கொதிக்கவைத்தல் கிருமியைக் கொல்லும், மங்கனீசை நீக்காது. நீர் வற்றும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும். காற்றூட்டி மணலில் வடித்தால் இரும்பு எளிதில் நீங்கும், மங்கனீசு மெல்லவே நீங்கும். ஆயினும் நாட்செல்ல வடிமணலின் மேற் படியும் அக்கறுப்பு ஈரொட்சைட்டே புதிதாக வரும் மங்கனீசைப் பற்றி இழுக்கும். ஆதலின் கறுத்துவிட்ட மணலை அழுக்கென எண்ணி முற்றாக மாற்றிவிடாது, அளவோடு கழுவி மீண்டும் இடுதல் நன்று.