மடிக்குப் பொருந்திய மருந்து

1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில், போர்டன் பால் நிறுவனம் சுழலும் மேடையில் மாடுகளை ஏற்றி எந்திரத்தால் கறந்து காட்டியது. அந்த மந்தைக்குள் மடிநோய் புகுந்தது. அதே ஊரில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகத்தில் ரெனே டுபோ என்ற பிரெஞ்சுக்காரர், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் பொருளை அப்போதுதான் பிரித்தெடுத்திருந்தார். கிராமிசிடின் என்ற அந்த மருந்துதான் மாடுகளைக் காப்பாற்றியது. பென்சிலின் இன்னும் மருந்தாகக் கைக்கு வராத காலம். கால்நடை மருத்துவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப் பெருமை உண்டு.

கிராமிசிடின் ஒரு பெப்டைடு. அதாவது, புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்கள் பதினைந்தே கோத்த சிறு சரம். பாக்டீரியாவின் உறைக்குள் இரண்டு சரங்கள் தலையோடு தலை சேர்ந்து குழாயாகிவிடும். அதன் வழியே உப்பு அயனிகள் தாறுமாறாக ஓட, செல் செத்துப்போகும். ஆனால் சிவப்பணுக்களின் உறையையும் அது விட்டுவைப்பதில்லை. இரத்தத்தில் ஏற்ற வழியில்லாமல் களிம்பு, கண் சொட்டு மருந்து என்று வெளிப்பூச்சோடு நின்றுபோனது.

மாட்டு மடியோ தனி ரகம். நான்கு காம்புக்கும் நான்கு தனி அறைகள். ஒன்றின் பால் இன்னொன்றில் கலக்காது. காம்புத் துளை வழியே, நோய் கண்ட அறைக்குள் மட்டும் மருந்தைச் செலுத்தலாம். பெப்டைடுக்கு இதைவிட ஏற்ற இடம் உடம்பில் வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

இன்று நாங்கள் மடிக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக் குழாய் மருந்துக்குப் பிறகு, சில நாள் பாலைக் கீழே ஊற்றியாக வேண்டும். இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் அதைச் சொன்னால், "டாக்டரய்யா, தீவனக் கடைக்கு யார் பதில் சொல்றது?" என்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் நைசின் மீது எனக்கு நம்பிக்கை. பால் புளிக்க வைக்கும் லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவே சுரக்கும் பெப்டைடு அது. பாலாடைக்கட்டி கெடாமலிருக்கப் பல நாடுகளில் உணவிலேயே சேர்க்கிறார்கள். நம் குடலில் புரதத்தைப் போலவே செரித்துவிடும். நைசின் ஊறிய காம்புத் துடைப்பான்கள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன; மடிக்குள் செலுத்தியும் சோதித்திருக்கிறார்கள். மடிநோய் தரும் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்டிரெப்டோகாக்கஸ் இரண்டுக்கும் எதிராக வேலை செய்யும். ஈ.கோலை கிருமிக்கு வெளியே இன்னொரு உறை இருப்பதால் அதனிடம் பலிக்காது.

பெப்டைடுக்குக் கிருமிகள் பழகவே பழகாது என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். கோலிஸ்டினும் பெப்டைடுதான். பன்றிக்கும் கோழிக்கும் தீவனத்தில் கலந்து கொட்டினார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். 2019இல் இந்தியா உணவுக்கான கால்நடைகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்தைத் தீவன மூட்டையில் கலந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நைசின் நம் ஊர் மருந்துக் கடைக்கு வரும்போது வரட்டும். அதுவரை, கறந்து முடித்ததும் மாட்டின் முன் தீனி போடுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்துவிடக் கூடாது.