காதலர் தினம் நமக்கும்தான்!



பிப்ரவரி 14 வந்துவிட்டால் கமுந்திங்கில் ரோஜாப் பூவுக்கு வருகிற மவுசே தனி. கேமரன் மலையிலிருந்து இறங்கி வந்த பூ, கண்ணாடித் தாளுக்குள் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். தொழிற்பேட்டையில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் சாக்லெட்டுப் பெட்டியை வாங்கி, மோட்டார் சைக்கிள் கூடையில் மழைச்சட்டைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருவார்கள். பார்க்கிற பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "வெள்ளைக்காரன் கொண்டாட்டம், நமக்கெதுக்குய்யா?" என்பார்கள்.

நான் அந்தக் கட்சி இல்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பால்மரத்தைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்கள் நாம். அவன் கொண்டுவந்த ஒரு நாளைக் கொண்டாடினால் குடி முழுகிவிடாது. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவிட்டு, நாற்பது ஐம்பதைத் தாண்டிய புருசன் பெண்டாட்டிகள் ஒதுங்கிக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சங்க வேலையாக ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஓர் அக்காவிடம் விளையாட்டாகக் கேட்டேன்: "என்னக்கா, காதலர் தினத்துக்கு அண்ணன் என்ன வாங்கிக் குடுத்தாரு?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட போங்க தம்பி! அவரு சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சாலே நான் கோயிலுக்குத் தேங்கா உடைப்பேன்."

மணி ஒன்றரை. "நீங்க சாப்பிட்டாச்சா?" என்றேன்.

"இல்லைங்க. அவரு வந்து சாப்பிட்டதும்தான்."

காலையில் என்ன பசியாறினீர்கள் என்று கேட்டேன். டின் பால் போட்ட தேத்தண்ணீர், நாலு பிஸ்கட். அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவர். அதைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணிவரை பட்டினி கிடந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? அண்ணன் வந்து மீனையும் காயையும் சாப்பிட்டுப் போனபின், மிச்சச் சோற்றில் குழம்பின் அடியை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். நம் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். என் அம்மாவும் அப்படித்தான். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது தீபாவளியன்று மட்டும்.

ஆகவே அந்த நாளைக்கு ஹோட்டலும் வேண்டாம், மெழுகுவர்த்தியும் வேண்டாம். இரண்டு தட்டை ஒரே நேரத்தில் வையுங்கள். இரண்டு பேரும் ஒன்றாக உட்காருங்கள். மீன் ஆளுக்கு ஒன்று.

தட்டில் என்ன போடுவது? சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று மலாயில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது கோழி அல்லது முட்டை அல்லது பருப்பு, மீதி அரைவாசி காய்கறியும் பழமும். நம் தட்டு எப்படி இருக்கிறது? முக்கால்வாசி சோறு, ஓரத்தில் ஒரு துண்டுக் கருவாடு, அதற்குத் துணையாக ஓர் உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கு காய் இல்லை, தோழர்களே, அதுவும் சோற்றுக்கு அண்ணன் தம்பிதான். வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிற்கிறது. வேலியோரம் மரவள்ளி இலை நிற்கிறது. கோலா செப்பெத்தாங்கிலிருந்து மீன் வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு மீகோரெங் பொட்டலத்துக்கு அலைகிறோம்.

தேத்தண்ணீரைப் பற்றிச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். பரவாயில்லை. டின் பாலில் பாதிக்கு நெருக்கமாகச் சீனிதான். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டிச் சீனிக்குள் நின்றால் நல்லது என்கிறது. நாம் அதைக் காலைப் பெரட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுகிறோம். தைப்பூசத்துக்கு முருகனுக்காக 48 நாள் வாயைக் கட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெண்டாட்டிக்காக டின் பாலைக் கட்ட முடியாதா?

பிள்ளைகள் சாக்லெட்டு நீட்டினால் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒரு துண்டை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். அது போதும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், காரணம் இருக்கிறது. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. நம் இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேர். மற்ற எல்லாரையும்விட நாம்தான் முன்னால். நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தது.

என் அப்பா அந்தப் பாதியில் ஒருவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபின் குலை வெட்டும் வேலைக்கு மாறினார். ஒருநாள் முள் பூட்சைத் துளைத்து உள்ளங்காலில் இறங்கிவிட்டது. அவருக்கு வலிக்கவே இல்லை. இனிப்பு நீர் முற்றிக் கால் மரத்துப் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று நாள் அதே பூட்சைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நாலாம் நாள் அம்மாதான் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "ராத்திரி ஒரு தடவை அந்தக் காலைத் திருப்பிப் பார்த்திருந்தா..." என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது, அதிலும் தொப்பை போட்டவனுக்கு, லேசான காரியமில்லை. அதனால்தான் சொல்கிறேன்: வேலை விட்டு வந்து குளித்தபின், விளக்கு வெளிச்சத்தில், அவர் காலை நீங்கள் பாருங்கள், உங்கள் காலை அவர் பார்க்கட்டும். விரல் இடுக்கு, குதிகால், எல்லாம். வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறின இடம் எது இருந்தாலும் மறுநாளே கிளினிக். "என் காலைப் போய் நீ தொடுறதா?" என்று அண்ணன்மார் வெட்கப்படுவார்கள். கல்யாணத்தில் அம்மி மேல் வைத்து மெட்டி போட அவள் காலைப் பிடித்தீர்களே, அப்போது வெட்கம் எங்கே போனது?

இன்னொரு சங்கதி. எஸ்.டி.ஆர். ரொக்க உதவி வாங்கும் குடும்பமாக இருந்தால், 40 வயதான கணவன் மனைவி இருவருக்குமே பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக இரத்தமும் சிறுநீரும் சோதிக்கலாம். இருவருக்கும்! அது இல்லாதவர்களுக்கு அரசாங்கக் கிளினிக் இருக்கிறது, மலேசியர்களுக்கு ஒரு வெள்ளிதான். "ஒருநாள் சம்பளம் போயிடுமே தம்பி" என்று கேட்பது எனக்குக் கேட்கிறது. ஒரு வருசம் வேலை செய்தவருக்குத் தொழில் சட்டப்படி சம்பளத்தோடு 8 நாள் வருட விடுப்பு உண்டு. இரண்டு வருசத்துக்குமேல் 12, ஐந்து வருசத்துக்குமேல் 16. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எடுக்கிறோம். ஒருநாளை உங்கள் இருவருக்காக எடுங்கள். முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கொடுக்க மறுத்தால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் சிலர். பாகற்காயைப் பொரியல் செய்து சாப்பிடுங்கள், நல்லது. மாத்திரையை டாக்டர் சொன்னாலொழிய நிறுத்தாதீர்கள்.

கிளினிக் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து துணி துவைக்க உட்காராதீர்கள். தைப்பிங் ஏரித் தோட்டம் பக்கத்தில்தானே இருக்கிறது! ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளை 1880-இல் தோட்டமாக்கினார்கள். அந்தப் பெரிய மரங்கள் ரோட்டைத் தாண்டித் தண்ணீர்வரை கிளையை நீட்டிக்கொண்டு நிற்கும். டிக்கெட்டு கிடையாது. அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொண்டே நடந்தால் சீனியும் இறங்கும், மனசும் லேசாகும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே நடங்கள், தப்பில்லை.

தைப்பிங்கில் மழை சொல்லிக்கொண்டு வராது. குடை எடுத்துப் போங்கள். ஒன்று போதும்.