கொடிக்கயிறு சொல்லும் கணக்கு

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், ஈரப் போர்வை ஒன்றை நடுவில் போட்டதும் அது தாழ்ந்துவிடும். கட்டியவருக்குக் குறையாகத் தெரியும் அந்தத் தொய்வுதான் கயிறு அறுந்துவிடாமல் காக்கிறது.

சுமை நேர் கீழே இழுக்கிறது. கயிறோ தான் நீண்டிருக்கும் திசையில் மட்டுமே இழுக்கும். ஆகவே போர்வையைத் தாங்குவது கயிற்றின் இழுவிசையில் மேல்நோக்கி இருக்கும் சிறு பங்குதான். மீதி, இரு கம்பங்களையும் உள்பக்கமாக இழுப்பதில் போய்விடுகிறது. கயிறு நிமிர நிமிர அந்தச் சிறு பங்கும் சுருங்கும். அதே போர்வையைத் தாங்க மொத்த இழுவிசை ஏறியாக வேண்டும்.

இதைக் கணக்கிடப் பெரிய சூத்திரம் வேண்டாம். சுமை நடுவில் தொங்கினால், பாதிச் சுமையை ஒரு பக்கக் கயிற்றின் நீளத்தால் பெருக்கி, தொய்வின் ஆழத்தால் வகுத்தால் போதும். 6 மீட்டர் கொடியின் நடுவில் 10 கிலோ தொங்குகிறது. தொய்வு 30 சென்டிமீட்டர். 5 பெருக்கல் 3, வகுத்தல் 0.3. விடை, சுமார் 50 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. தொய்வு 10 சென்டிமீட்டர்தான் என்றால் அதுவே 150 கிலோ!

தொய்வு பூஜ்யமானால் இழுவிசைக்கு எல்லையே இல்லை. சுமை தொங்கும் கயிற்றை நேர்கோடாக்க எவராலும் முடியாததற்குக் காரணம் இதுதான்.

கட்டடப் பணியிடத்தில் கிரேன் கொக்கியிலிருந்து இரண்டு கம்பி வடங்கள் பிரிந்து 1,000 கிலோ எடையைத் தூக்கும்போதும் இதே கணக்குதான், தலைகீழாக. வடங்கள் செங்குத்தாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 500 கிலோ. கிடைமட்டத்தோடு 60 பாகையில் விரிந்தால் 577. 45 பாகையில் 707. 30 பாகையில் ஒவ்வொரு வடமும் முழு 1,000 கிலோவையும் சுமக்கிறது. 10 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய 2,880 கிலோ. சுமை மாறவில்லை, கோணம்தான் மாறியது.

சான் பிரான்சிஸ்கோவில் 1937இல் திறக்கப்பட்ட கோல்டன் கேட் தொங்கு பாலத்தின் கோபுரங்கள் நீர்மட்டத்துக்கு மேல் 227 மீட்டர் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு இடையே 1,280 மீட்டர் தூரம். நடுவில் வடங்களின் தொய்வு சுமார் 143 மீட்டர். சுமை பாலம் நெடுகச் சீராகப் பரவியிருப்பதால் கணக்கு சற்றே மாறும்: மொத்தச் சுமையை இடைத்தூரத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், நடுப்பகுதியின் முழுச் சுமையைப் போல் 1.1 மடங்கு கிடைமட்ட விசையை இரண்டு பெரிய வடங்களும் பகிர்ந்துகொள்கின்றன. கோபுரங்களைக் குட்டையாக்கித் தொய்வைப் பாதியாகக் குறைத்திருந்தால் அது 2.2 மடங்காகியிருக்கும். இப்போதே ஒவ்வொரு வடத்திலும் 27,572 எஃகுக் கம்பிகள் இருக்கின்றன!

மின்கோபுரங்களுக்கு இடையிலும் கம்பிகளைத் தொய்வாகவே கட்டுகிறார்கள். குளிரில் கம்பி சுருங்கும்போது இழுவிசை ஏறும். அதற்கும் சேர்த்துத்தான் அந்தத் தொய்வு.

பணியிடத்தில் சுமை தூக்குவோர் எடையை மட்டும் பார்த்து வடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வடம் விரியும் கோணத்தையும் பாருங்கள். 30 பாகைக்குக் கீழே போகிறது என்றால் வேலையை நிறுத்தி, நீளமான வடத்துக்கு மாறுங்கள்.