சுவாமி மலையும் சுழியோடி மைக் வில்சனும்

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்கள், சுவாமி மலையின் கீழே தெரியும் இக்கடலின் அடியில் கிடக்கின்றன. 1956இல் இங்கு சுழியோடிய மைக் வில்சன், பாறைகளுக்கிடையே சிப்பி படிந்த செதுக்குத் தூண்களையும் சிவலிங்கம் ஒன்றையும் கண்டார். அந்த லிங்கம் இன்று மேலேயுள்ள ஆலயத்தில் வழிபடப்படுகிறது.

எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் தோழரான வில்சன், இலங்கையில் நீரடிப் படப்பிடிப்பின் முன்னோடி. முதல் சிங்கள வண்ணத் திரைப்படமான 'ரன்முத்து துவ'வை (1962) இயக்கியவரும் அவரே. பின்னாளில் கதிர்காம முருகனின் அடியவராகி, சுவாமி சிவ கல்கி எனத் துறவு வாழ்வு வாழ்ந்தார். கடலடியில் லிங்கம் கண்டவருக்கு அது பொருந்தாத பாதையல்ல.

பாறை செங்குத்தானது, விளிம்புக்குச் செல்லாதீர்கள்.