இரண்டு மில்லிமீட்டர் தூரம்

பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் மின்கம்பி செருகும் சிகிச்சையில் வெற்றியும் தோல்வியும் மயிரிழையில்தான் பிரிகின்றன

கொல்லயிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 30 கி.மீ. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பஸ் பிடித்தால், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான, தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய்விடலாம். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைக் கிராமங்களில் ஒருவருக்குக் கை நடுங்கி, நடை தளர்ந்தால் கடக்க வேண்டிய தூரம் அவ்வளவுதான். ஆபரேஷன் தியேட்டருக்குள் அளவுகோல் மாறுகிறது. அங்கே எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு.

பார்க்கின்சன் நோய்க்கு முதல் மருந்து லெவோடோபா மாத்திரை. சில ஆண்டுகள் கழிந்ததும் அதன் பலன் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வடிந்துவிடும். இல்லாவிட்டால் உடம்பு தன்னிச்சையாக நெளியத் தொடங்கும். அப்போதுதான் ஆழ் மூளைத் தூண்டல் பற்றிப் பேச்சு எழுகிறது. மூளைக்குள் எலெக்ட்ரோடு, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவி, இரண்டையும் இணைக்கும் கம்பி. 1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனாபிட் துவக்கி வைத்த முறை இது. ஸ்ரீ சித்திராவில் இதைச் செய்துகொண்டவர்களுக்குப் பலன் நீண்ட காலம் நிலைத்திருப்பதை நரம்பியல் நிபுணர் ஆஷா கிஷோரும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தார்கள்.

குறி வைக்கப்படும் இடம் சப்தலாமிக் நியூக்ளியஸ். பருப்பு வடிவம், கொண்டைக்கடலையை விடச் சிறியது. நடுக்கோட்டிலிருந்து சுமார் 12 மி.மீ. தள்ளி, மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அதிலும் உடல் அசைவோடு சம்பந்தப்பட்டது மேல்புற, வெளிப்புறப் பகுதி மட்டுமே. செருகப்படும் எலெக்ட்ரோடின் பருமனோ 1.27 மி.மீ.

கொஞ்சம் வெளிப்பக்கம் விலகினால் மின்சாரம் தசைகளுக்குப் போகும் நரம்புப் பாதையைத் தொடும்: முகம் இழுக்கும், நாக்கு குழறும். பின்னால் போனால் கை காலில் ஓயாத மதமதப்பு. கீழே இறங்கினால்? பாரிஸ் மருத்துவர்கள் 1999இல் விவரித்த 65 வயதுப் பெண்மணியின் கதை அதைச் சொல்கிறது. நோய்க்குறிகளைத் தணித்த இடத்துக்கு 2 மி.மீ. கீழே மின்சாரம் பாய்ந்ததும், அதுவரை மனச்சோர்வே அறியாத அவர் அழத் தொடங்கி, வாழவே பிடிக்கவில்லை என்றார். நிறுத்தியதும் 90 வினாடிகளுக்குள் சோகம் மறைந்துவிட்டது.

படம் பார்த்துக் குறி வைத்தால் போதாதா? மண்டையோட்டில் சட்டத்தை முடுக்கி, எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களிலிருந்து இலக்கைக் கணக்கிடத்தான் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், துளை போட்டதும் மூளையைச் சூழ்ந்த திரவம் கசியும், காற்று புகும், மூளை சற்றே அமிழும். காலையில் எடுத்த வரைபடம் மதியத்துக்குள் பொய்த்துப்போகலாம். அதனால்தான் பல மையங்களில் நோயாளியை விழித்திருக்கச் செய்து, நுண்ணிய எலெக்ட்ரோடை இறக்கி, நரம்பு செல்களின் இரைச்சலை ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். இலக்கை எட்டியதும் சத்தம் அடர்த்தியாகும். மயக்க மருந்து கொடுத்துச் செய்தாலும் பலன் குறைவதில்லை என்று 110 நோயாளிகளை ஆராய்ந்த ஆம்ஸ்டர்டாம் குழு 2021இல் தெரிவித்தது. மணிக்கணக்கில் விழித்துக் கிடக்க அஞ்சுபவர்களுக்கு ஆறுதலான செய்தி.

இத்தனை படங்களும் இல்லாத காலத்திலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், டி.எஸ். கனகா ஆகியோரின் குழு சட்டம் பொருத்தி மூளையின் ஆழத்தை எட்டியது. எக்ஸ்ரேதான் வழிகாட்டி. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணராகக் கருதப்படும் கனகா 1975லேயே ஆழ் மூளைத் தூண்டலில் இறங்கியவர். 2018இல் அவர் மறைந்தபோது தமிழ்நாடு பெரிதாகக் கவனிக்கவில்லை.

குறி தப்பும் ஆபத்து இன்றும் நீங்கிவிடவில்லை. சிகிச்சைக்குப் பின்னும் குணம் காணாமல் அமெரிக்காவின் இரு மையங்களை நாடிவந்த 41 பேரை ஆராய்ந்து 2005இல் வெளியான கட்டுரை, அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலெக்ட்ரோடு சரியான இடத்தில் இல்லை என்றது. சிறு பிசகை, நான்கு முனைகளில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்துச் சமாளிக்கலாம். மின்சாரத்தை ஒரு பக்கமாகத் திருப்பும் புதிய ரகங்களும் வந்துவிட்டன. பெரிய பிசகு என்றால் மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டியதுதான்.

கருவிக்கு மட்டுமே பல லட்சம் ரூபாய். சாதாரண பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மின் அளவைச் சரிசெய்ய முதல் சில மாதங்கள் பல தடவை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கொல்லயில்காரர்களுக்கு அது ஒரு பஸ் பயணம். தொலைதூரத்திலிருந்து வருபவர்களுக்கோ ஒவ்வொரு தடவையும் ரயில், லாட்ஜ், கூட வருபவரின் சம்பள இழப்பு.