வந்தது லட்சுமி அல்ல!
நெற்கதிரில் நிறம் மாறும் உருண்டைகள்

ஒரத்தநாடு பக்கத்தில் சம்பாப் பயிர் கதிர் முற்றுகிற சமயம். வரப்பில் நடந்து போகிறீர்கள். பச்சைக் கதிருக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் உருண்டை தெரிகிறது. தொட்டால் விரலில் பொடி ஒட்டுகிறது.

சில நாள் கழித்துப் பாருங்கள். மஞ்சள், கரும்பச்சை ஆகியிருக்கும். பிறகு கறுத்துவிடும்.

"லட்சுமி வந்துவிட்டாள். இந்த வருஷம் நல்ல விளைச்சல்" என்பார்கள் பெரியவர்கள். இதற்கு "லட்சுமி நோய்" என்றே பெயர். நெற்பழ நோய் என்றும் சொல்வது உண்டு.

ஆனால் வந்திருப்பது லட்சுமி அல்ல, ஒரு பூஞ்சணம்!

திருநெல்வேலி நெல்

1878-ம் ஆண்டில் குக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, திருநெல்வேலி நெல்லில் இருந்த இந்தப் பூஞ்சணத்தை விவரித்துப் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் உள்ள "விரன்ஸ்" என்ற லத்தீன் சொல் பச்சை நிறத்தைக் குறிக்கும்.

ஓர் உருண்டை என்றால் ஒரு நெல்மணி போயிற்று என்று பொருள். அரிசி இருக்கவேண்டிய இடத்தில் பூஞ்சண வித்துக்கள் இருக்கின்றன. பக்கத்து மணிகளும் பதராகும். உருண்டையில் விஷப்பொருளும் உண்டு.

நிறம் எப்படி வருகிறது?

பூஞ்சணத்துக்குக் கண் கிடையாது. ஆனாலும் வெளிச்சம், ஈரம், சூடு எல்லாம் அதற்குத் தெரியும். எப்படி?

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வருகிறது. மதகு திறக்கிறது. வாய்க்காலில் ஓடி, வயல் மடைக்கு வருகிறது. பூஞ்சணத்தின் உயிரணுவிலும் செய்தி இப்படித்தான் போகிறது. வெளியே இருந்து வரும் செய்தியை ஒரு புரதம் வாங்குகிறது. அது கைமாறி உள்ளே போகிறது. கடைசியில் சாயம் செய்யும் மரபணு என்ற மடை திறக்கிறது.

ரொட்டியில் வளரும் நியூரோஸ்போரா என்ற பூஞ்சணத்தைப் பாருங்கள். இருட்டில் அதன் நூல்கள் வெளுத்திருக்கும். நீல வெளிச்சம் பட்டால் ஆரஞ்சு நிறம் ஆகும். வெளிச்சத்தை வாங்கும் புரதம் பழுதானால், எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் நூல்கள் வெள்ளைதான்!

பல பூஞ்சணங்களுக்குச் சாயமே குடை. கறுப்புச் சாயம் வெயிலின் கடுமையிலிருந்து வித்துக்களைக் காக்கிறது.

நெற்பழ உருண்டையின் சாயங்களை 1960-களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள்.

நல்ல பெயர் ஏன்?

மழையும் உரமும் தாராளமாகக் கிடைத்தால் பயிர் செழிக்கும். பூக்கும் சமயத்தில் தூறலும் ஈரக் காற்றும் இருந்து, தழைச்சத்தும் மிகுந்திருந்தால் இந்தப் பூஞ்சணமும் செழிக்கும். அதனால்தான் நல்ல விளைச்சலும் நோயும் சேர்ந்து வருகின்றன. நோயால் விளைச்சல் வருவதில்லை.

எப்போது தடுப்பது?

நிறம் என்பது கடைசிக் கட்டம். கதிர் உறைக்குள் இருக்கும்போதே பூஞ்சணம் உள்ளே நுழைந்துவிடுகிறது. மஞ்சளைக் கண்டபின் மருந்து அடித்தால் காசுதான் வீண்.

பொதி கட்டும்போது ஒரு முறை, பாதிக் கதிர் பூத்ததும் ஒரு முறை, ஏக்கருக்கு 200 மில்லி புரோபிகோனசோல் தெளிக்கலாம். யூரியாவை அளவோடு போடுங்கள். நோய் கண்ட வயலில் விதைநெல் எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள்.

லட்சுமி மணியாக வருவாள்; பொடியாக வரமாட்டாள்!