பழைய தறிக்குப் புதிய கட்டுப்பாடு

சிவசமுத்திரத்தில் காவிரி அருவிகளாக வீழும் இடத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ளது கொள்ளேகால். 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் சீரமைக்கப்படும் வரை அது சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு வட்டமாக இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துடன் இணைந்தது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதன் பகுதியாயிற்று. பழைய சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்பு முக்கியமாக நடைபெற்றது இவ்வட்டத்தில்தான். ஜரிகைக் கரையிட்ட பட்டுத் துணிக்கும் இவ்வூர் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

இத்தகைய நெசவு ஊர்களில் தறியின் மரச்சட்டம் தலைமுறை கடந்தும் நிற்கும். பலகையும் அச்சும் விழுதும் அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வேலை செய்துகொண்டே இருக்கும். முதலில் மூப்படைவது தறியின் தலைமேல் அமர்ந்து, எந்த இழை எப்போது எழ வேண்டும் என்று ஆணையிடும் ஜக்கார்டு பெட்டிதான். ஆணையிடும் உறுப்பு பழுதுற்றது என்பதற்காகத் தறி முழுவதையும் கைவிட வேண்டுமா, அவ்வுறுப்பை மட்டும் மாற்றினால் போதுமா என்பது இன்று பல கூட்டுறவுச் சங்கங்களின் முன்னுள்ள வினா. போதும் என்பதே இக்கட்டுரையின் விடை. ஆயினும் சில நிபந்தனைகள் உண்டு.

அட்டை செய்யும் வேலை

பூ, மயில், கோபுரம் போன்ற உருவங்களைத் துணியில் நெய்வதற்குப் பாவு இழைகளைத் தனித்தனியே உயர்த்த வேண்டும். முற்காலத்தில் இதற்கு இரண்டாவது ஆள் தேவைப்பட்டார். காஞ்சிபுரத்து 'அடை' முறையிலும், பிரான்சு நாட்டு லியோன் நகரின் பட்டுத் தறிகளிலும், நெசவாளர் ஊடையைச் செலுத்த, உடனிருப்பவர் கயிறுகளை இழுத்து இழைகளை உயர்த்தினார். 1725இல் பூஷோன் துளையிட்ட தாளையும், 1728இல் ஃபால்கோன் துளையிட்ட அட்டைகளையும் கையாண்டு இவ்வேலையை எளிதாக்க முயன்றனர். வோகான்சோன் இதனை மேலும் வளர்த்தார். இம்முயற்சிகளை ஒன்றிணைத்து 1804இல் ஜக்கார் அமைத்த பொறியே அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது.

அதன் இயக்கம் எளிது. பெட்டிக்குள் வரிசை வரிசையாகக் கொக்கிகள் நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே ஓர் ஊசி உண்டு. நெசவாளர் மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை ஊசிகளின் முனையில் வந்து பொருந்துகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடுவதால் கொக்கி நிமிர்ந்தே நின்று, மேலெழும் கத்தியில் மாட்டி உயர்கிறது. அதனுடன் இழையும் உயர்கிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ள, கொக்கி கத்தியிலிருந்து விலகி, இழை கீழேயே தங்கிவிடுகிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்பது கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டு. 240 கொக்கிகள் கொண்ட பெட்டி ஒன்று. ஓர் அங்குலத்துக்கு 60 ஊடைகள். உருவத்தின் நீளம் 8 அங்குலம் என்று கொள்வோம். இதற்கு 480 அட்டைகள் வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் 240 இடங்களில் துளை உண்டு அல்லது இல்லை; ஆக மொத்தம் 1,15,200 'ஆம், இல்லை' விடைகள். கணிப்பொறிக் கணக்கில் இது 14,400 பைட்டு, அதாவது கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைவிட மிகச் சிறிது. கூரையிலிருந்து மாலையாகத் தொங்கும் அட்டைக் கட்டு முழுவதும் இவ்வளவே. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்தால், ஜக்கார்டு அட்டையைக் கணிப்பொறியின் முன்னோடி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் பயன்படுத்திய துளை அட்டைகளும் இதே கருத்தில் எழுந்தவைதாம்.

அட்டைக்கு நேரும் கேடுகள்

ஈரக்காற்றில் அட்டை ஊதுகிறது. துளைகள் ஊசிக்கு நேராக நிற்பதில்லை. நாள்தோறும் ஊசி குத்திக் குத்தித் துளையின் விளிம்பு தேய்கிறது. கோத்த கயிறு அறுந்தால் அட்டைகளின் வரிசை கலைகிறது. இவை சீர்செய்யக்கூடிய குறைகளே. பெரிய இடர்ப்பாடு வேறு: புதிய வடிவம் வேண்டுமானால் கட்டத்தாளில் வரைந்து, ஒவ்வோர் அட்டையாகத் துளையிட்டு, கோத்து, தறியில் ஏற்ற வேண்டும். இதற்குப் பணமும் நாளும் செலவாவதால், வாங்குவோர் கேட்ட வடிவத்தை விட்டு, கையில் உள்ள அட்டைக்கு ஏற்ற வடிவத்தையே நெசவாளர் நெய்கிறார். சந்தை ஒரு திசையில் போக, தறி வேறு திசையில் நிற்கிறது.

மின்னணு ஜக்கார்டு இவ்விடத்தில்தான் துணைபுரிகிறது. 1983இல் மிலான் நகரின் பன்னாட்டு ஜவுளி எந்திரக் கண்காட்சியில் பிரிட்டனின் போனாஸ் நிறுவனம் இதனைக் காட்சிக்கு வைத்தது. அது பெரிய ஆலைகளுக்கானது. கைத்தறிக்கு ஏற்ற சிறிய அமைப்புகள் பின்னர் வந்தன. அட்டைக்குப் பதில் கோப்பு. ஊசியைத் தள்ளும் அட்டைப் பரப்புக்குப் பதில் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு மின்காந்தச் சுருள். இழைகளைத் தூக்கும் விசையை நெசவாளரின் காலே முன்போல் தருகிறது. எதைத் தூக்குவது என்ற தேர்வை மட்டும் மின்சாரம் செய்கிறது.

மாற்றும் முன்னும் பின்னும்

இங்கே அதிகாரிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துணியில் விழும் பிழைகள் அனைத்தும் அட்டையால் வருவனவல்ல. வளைந்த கொக்கி, தேய்ந்த கத்தி, தளர்ந்த நூல்கட்டு ஆகியவற்றாலும் அதே பிழை தோன்றும். அவற்றைச் சரிசெய்யாமல் கட்டுப்பாட்டை மட்டும் மாற்றினால், பழைய பிழை புதிய கருவியிலும் தொடரும். பழி புதிய கருவியின்மேல் விழும். எனவே முதலில் சட்டத்தையும் கொக்கிகளையும் சோதித்து, அதன் பிறகே கருவியை வாங்க வேண்டும்.

அடுத்தது எண்வரிசை. பெட்டியின் முதல் கொக்கி தறியின் வலப்புறத்ததா, இடப்புறத்ததா என்பதைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்காவிடில், வலம் நோக்கிய அன்னம் இடம் நோக்கி நிற்கும். சில அமைப்புகளில் மின்சாரம் பாய்ந்தால் கொக்கி உயரும். சிலவற்றில் மின்சாரம் பாய்ந்தால் உயராது. இதனை மாற்றிக் கொண்டால் பூவின் இடம் வெறுமையாகி, வெறுமையான இடமெல்லாம் ஜரிகையாகும். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஒரு முழம் பட்டு வீணான பின் அது வேடிக்கையாக இராது.

ஆகவே முதல் சோதனையைப் பருத்தி நூலில் நடத்துவதே முறை. எல்லாக் கொக்கிகளும் உயர்தல், எல்லாம் தாழ்தல், ஒன்றுவிட்டு ஒன்று உயர்தல், முதற்கொக்கியிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக உயர்தல் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டால் பெரும்பாலான பிழைகள் வெளிப்படும். கடைசிச் சோதனையில் துணியின்மேல் ஒரு சாய்கோடு விழும். கோடு எங்கே முறிகிறதோ அங்கே உள்ள கொக்கியில் குறை என்று உடனே அறியலாம்.

எல்லாச் சுருள்களும் ஒருங்கே இயங்கும் சோதனையைத் தவிர்க்கும் வழக்கம் நல்லதன்று. ஒரு சுருளுக்கு 24 வோல்ட்டில் 0.1 ஆம்பியர் என்று கொண்டால், 240 சுருள்களுக்கு 24 ஆம்பியர், அதாவது 576 வாட். மலிவான மின்வழங்கி சாதாரணப் பூவுக்கு ஈடுகொடுத்து, முந்தானையின் அடர்ந்த வேலைப்பாட்டில் தளர்ந்துவிடும். அப்போது சில இழைகள் மட்டும் உயராமல் நிற்கும். குறை எங்கே என்று தெரியாமல் நெசவாளர் நாள்கணக்கில் அலைவார்.

மின்தடை இன்னொன்று. சிவசமுத்திரத்து மின்நிலையம் 1902இலேயே தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. அத்தகைய வட்டாரத்திலும் தறிக்கருவி வாங்குபவர், மின்சாரம் நின்றால் என்னாகும் என்று கேட்டே ஆக வேண்டும். மின்சாரம் திரும்பும்போது கருவி முதல் ஊடைக்குப் போய்விடாமல், நின்ற ஊடையிலிருந்தே தொடர வேண்டும். சிறு மின்கலம் இதற்குப் போதும். பிழை கண்டு நெய்த ஊடையைப் பிரித்தெடுக்கும்போது, வடிவத்தையும் ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு நகர்த்தும் பொத்தான் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். விற்பவரின் விளக்கத்தில் பெரும்பாலும் இடம்பெறாத இப்பொத்தானே நெசவாளருக்கு அதிகம் பயன்படுவது. ஜரிகையில் உலோகம் உண்டு. அதன் துகள் திறந்த மின்பலகையில் விழுந்தால் மின்னோட்டம் குறுக்கே பாயும். பலகையை மூடிய பெட்டியில் வைப்பதும், குழித்தறியின் ஈரத்திலிருந்து உயர்த்தி வைப்பதும் கட்டாயம்.

லேசர் எந்திரம் தரும் படிப்பினை

நெசவுக்கு வெளியிலும் இதே நிலை உண்டு. அழைப்பிதழ், பெயர்ப்பலகை செய்யும் சிறு பட்டறைகளில் மரத்தையும் அக்ரிலிக் தகட்டையும் வெட்டும் எந்திரங்களில் இருப்பது கரியமில வாயு லேசர். 1964இல் அதனைக் கண்டறிந்தவர் மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். இவ்வெந்திரத்தில் கண்ணாடிக் குழாய் நாள்பட்டால் மாற்றத்தக்கது. தண்டவாளமும் மோட்டாரும் ஆடியும் பல்லாண்டு உழைப்பவை. ஆனால் பழைய எந்திரங்கள் சிலவற்றின் கட்டுப்பாட்டுப் பலகை ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டுமே கட்டுப்படும். அம்மென்பொருளும் கணிப்பொறியில் செருகும் ஒரு சிறு பூட்டுச்சாவி இருந்தால்தான் இயங்கும். கணிப்பொறி பழுதானாலோ, சாவி தொலைந்தாலோ, குறையற்ற எந்திரம் மூலையில் நிற்கிறது. வேறு பலகையைப் பொருத்தினால் அது மீண்டும் உழைக்கும். அவ்வாறு பொருத்தும்போது மோட்டாரின் அடிக்கணக்கையும், குழாய்க்குச் செல்லும் ஆற்றல் அளவையும் ஒழுங்குசெய்ய வேண்டும். மூடி திறந்தால் கதிரை நிறுத்தும் இணைப்பையும், குளிர்நீர் நின்றால் குழாயை அணைக்கும் இணைப்பையும் விட்டுவிடக் கூடாது. முன்னது கண்ணையும், பின்னது குழாயையும் காக்கிறது.

தறிக்குக் கருவி தேர்ந்தெடுப்போர் இதிலிருந்து கற்க வேண்டியது தெளிவு. வடிவக் கோப்பைப் பொதுவான படவடிவில் ஏற்கும் கருவியா, விற்றவரிடமே ஒவ்வொரு முறையும் போக வேண்டிய கருவியா என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே கேட்க வேண்டும். இரண்டாவது வகையை மலிவு என்று வாங்கினால், அட்டை குத்துபவரைச் சார்ந்திருந்த நெசவாளர் இனிமேல் தொலைதூர நிறுவனத்தைச் சார்ந்திருப்பார். அட்டை குத்துபவராவது அதே தெருவில் இருந்தார். மீடியா லேப் ஆசியா உருவாக்கிய 'டிஜிபுனாய்' என்னும் திறந்த மூல நெசவு வடிவமைப்பு மென்பொருள் இவ்வகையில் வரவேற்கத்தக்க முயற்சி.

சட்டமும் உதவியும்

கைத்தறி (உற்பத்திக்கான பொருள்கள் ஒதுக்கீடு) சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. உச்ச நீதிமன்றம் 1993இல் அதனைச் செல்லத்தக்கதென உறுதிசெய்தது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டுப் பொருள்கள் பின்னர் 11 ஆயின. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்பது இச்சட்டத்தின் பொருள் விளக்கம். கொக்கியைத் தேர்வது மட்டும் மின்சாரம் என்றால் தறி கைத்தறியாகவே நிற்கிறது என்பது நியாயமான கருத்து. பளுவைத் தூக்கவும் மோட்டார் வைத்தால் கேள்வி எழும். மிதியின் பளு முழங்காலை வருத்துவதால், முதிய நெசவாளர் அதனை விரும்புவது இயல்பு. விதியைச் செயற்படுத்தும் அலுவலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது.

நிதியைப் பொறுத்தவரை, 2016 டிசம்பரில் தொடங்கிய 'ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா' திட்டம் மேம்பட்ட தறிக்கும் துணைக்கருவிக்கும் ஆகும் செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசு ஏற்க வழிசெய்தது. 10 விழுக்காடு நெசவாளர் பங்கு. கருவியின் விலைக்கு உதவி கிடைத்தால் மட்டும் போதாது. ஓராண்டு கழிந்து ஒரு சுருள் எரிந்தால் மாற்றித் தருபவர் யார் என்பதும் உதவியின் பகுதியாக வேண்டும். உள்ளூர்த் தொழிற்பயிற்சி மாணவர் இருவருக்குச் சுருள் மாற்றவும் பலகை சோதிக்கவும் கற்பிப்பது பெரிய செலவன்று.

பழைய அட்டைகளை என்ன செய்வது? புதிய கருவி வந்ததும் அவற்றை விறகாக்கும் எண்ணம் எழக்கூடும். பல வடிவங்களுக்குக் கட்டத்தாள் எஞ்சியிருக்காது, வரைந்தவரும் இருக்கமாட்டார், அட்டைக் கட்டு ஒன்றே பதிவு. ஒவ்வோர் அட்டையையும் வெளிச்சத்தின் எதிரே வைத்துப் படமெடுத்து, துளைகளை வரிசையாகப் படித்தால் வடிவம் முழுவதும் கோப்பாகத் திரும்பிவிடும். அட்டையின் ஓரத்தில் எழுதியுள்ள எண்ணும், நெய்தவர் குறித்துவைத்த பெயரும் கோப்புடன் சேர வேண்டும். 480 அட்டைகளுக்கு இரண்டு மாணவர்களின் ஒரு நாள் வேலை போதும். அதை முடித்த பிறகே பழைய பெட்டியைத் தறியிலிருந்து இறக்கலாம்.